பளபளக்கும் கார்டில் உறைத் தடம்: கேள்விகளும் பதில்களும்

கத்தியின் அலகும் பிடியும் சேரும் இடத்தில் இருக்கும் கார்டு (guard) என்ற உலோகத் தடுப்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, ஆசையாகத் தோல் உறையில் செருகி வைக்கிறோம். எடுத்துப் பார்த்தால் தடம். இதைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, என்னுடையது பித்தளை கார்டு. இரண்டு வாரம் உறையில் இருந்தது. அலகுப் பக்கத்தில் 'ப' வடிவில் மங்கிப் போயிருக்கிறது. உறை சரியில்லையா?

அந்த 'ப' உங்கள் உறையின் வாய்தான். முன் தோல், பின் தோல், ஓரத்தில் நடுவே வைத்துத் தைத்த பட்டி மூன்றும் சேர்ந்து அப்படியே அச்சாகியிருக்கிறது. முதலில் அது கீறலா, கறையா என்று பாருங்கள். விளக்குக்குக் கீழே கார்டைச் சாய்த்துத் திருப்புங்கள். கீறல் என்றால் கத்தி அசையும் திசையில் மெல்லிய கோடுகள் மின்னும். கறையில் கோடு இருக்காது, பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு மங்கல் மட்டும் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நீங்கள் சொல்வது கறை மாதிரி இருக்கிறது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் இயல்பாகவே அமிலம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். அமிலமும் ஈரமும் இரவு பகலாக ஒட்டிக்கொண்டிருந்தால் பித்தளையில் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்? உறையைக் குறை சொல்லாதீர்கள், தோலின் குணமே அது.

எனக்கு இரும்பு கார்டு. பச்சை இல்லை, நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள். துருவா சார்?

துரு செம்பழுப்பாக இருக்கும். இது பதனிடும் பட்டையிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து வந்த கறுப்பு. கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் உங்கள் கார்டில் நடந்திருக்கிறது. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் தோல் உறைக்கு அருமையானது, ஆனால் அதில் டானின் நிறைய. ஈரம் இல்லாவிட்டால் இந்தக் கறுப்பு பிடிக்காது. அதனால் நன்றாகக் காயாத உறைக்குள் இரும்பை வைக்கவே கூடாது.

அப்படியானால் பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு மாறிவிடலாமா?

வேண்டாம். டானின் போகும், ஆனால் பதனிடும்போது சேர்ந்த உப்புகள் மிச்சம் இருக்கலாம், அவையும் உலோகத்தை அரிக்கும். போதாததற்குத் தோல் துவளும், உறை வடிவமாக நிற்காது.

கார்டில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதுமா?

பித்தளைக்கு மட்டும் அது கூடவே கூடாது. நாளானால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து பச்சையாக, மெழுகு மாதிரி திரளும். பழைய உறைகளில் பித்தளை ரிவெட்டைச் சுற்றி அந்தப் பச்சையைப் பார்த்திருப்பீர்கள். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் தோல் அதை உறிஞ்சிவிடும். மெழுகுதான் நிற்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸ் என்ற மெழுகு கிடைத்தால் நல்லது. மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் பருத்தித் துணியால் தேயுங்கள். அப்புறம் அவ்வப்போது மறுபடியும் தடவ வேண்டும், உரசும் இடத்தில் மெழுகு தேய்ந்துபோகும்.

என் கார்டில் கீறல்தான். தோல் இவ்வளவு மிருது, அது எப்படி உலோகத்தைக் கீறும்?

தோல் கீறுவதில்லை, தோலுக்குள் இருக்கும் தூள் கீறுகிறது. பெரும்பாலும் அந்தத் தூளை உள்ளே வைப்பது நாம்தான். உறையின் வாய் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்கிறோம் இல்லையா? தாளிலிருந்து உதிரும் துகள் தோலின் நாருக்குள் புதைந்துகொள்ளும். அதன் மேலேயே மெழுகு போட்டு மெருகேற்றினால் அங்கேயே தங்கிவிடும், கார்டு போய் உட்காருவதோ அதே ஓரத்தில். கண்ணாடி மெருகில் கீறல் விழ ஒரு துகள் போதும்.

தேய்த்து முடித்ததும் விறைப்பான பிரஷ்ஷால் ஓரத்தைத் துலக்குங்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், வேக்குவம் இருந்தால் இழுத்துவிடுங்கள். பிறகு மெழுகு. உறைக்கு உள்ளே இன்னொரு தோல் வைத்து ஒட்டுவதாக இருந்தால் அதன் வழவழப்பான பக்கம் கத்தியைப் பார்த்து இருக்கட்டும். வெல்வெட் மாதிரி இருக்கும் பக்கம் தூளைப் பிடித்து வைக்கும்.

ஐயா, தோல் கார்டைத் தொடாமலே செய்ய முடியாதா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் அப்புறம்தான், உறையின் அமைப்புதான் முக்கியம்.

ஜப்பானிய வாள்காரர்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். ட்சுபா என்ற கார்டின் இரண்டு பக்கமும் செப்பா என்ற மெல்லிய உலோக வில்லை இருக்கும். உறையின் வாய் போய் முட்டுவது அந்த வில்லையில். ட்சுபாவிலும் அந்த வில்லை உட்காரும் இடத்தில் பொதுவாக வேலைப்பாடு இருக்காது. வாளை உறையில் இறுக்கிப் பிடிப்பது அலகின் அடியில் இருக்கும் ஹபாக்கி என்ற உலோகப் பட்டை. முட்டுவது ஓர் இடம், பிடிப்பது ஓர் இடம், அலங்காரம் வேறோர் இடம்.

நம் கத்திக்கும் இதைச் செய்யலாம். கார்டை விடச் சிறியதாக, அதே உலோகத்தில் ஒரு வில்லை வெட்டி அலகுப் பக்கம் வையுங்கள். உறையின் வாயும் அந்த வில்லைக்குள் அடங்கும் அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலன் இல்லை. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். வில்லை வேண்டாம் என்றால், தோல் படும் முகத்தைக் கண்ணாடியாக்காமல் ஒரே திசையில் உப்புத்தாள் போட்டுச் சாட்டின் என்ற மங்கலான மெருகாக விடுங்கள், ஓரத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் முழு மெருகு. சாட்டினில் கீறல் அவ்வளவாகத் தெரியாது.

பிடியையும் விழுங்கும் பை மாதிரி உறை என்றால், தோலை நனைத்து வடிவம் பிடிக்கும்போது கார்டின் மேல் இரண்டு மூன்று சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டேப்பை எடுத்த பிறகு அந்த இடத்தில் இடைவெளி கிடைக்கும்.

நனைத்து வடிவம் பிடித்த பிறகு எப்போது கத்தியைப் போடலாம்?

வடிவம் பிடிக்கும்போதே கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். பிடித்ததும் கத்தியை எடுத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தையல் ஓரத்துக்குள் ஈரம் இருக்கும். சில நாட்கள் பொறுங்கள், சென்னை மாதிரி கடற்கரை ஊர் என்றால் இன்னும் கூடுதலாக.

ஒரு தோல் உலோகத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மியூசியங்களில் ஆடி (Oddy) சோதனை என்று ஒன்று செய்வார்கள். சந்தேகப்படும் பொருளை வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு ஈரமான மூடிய கலத்தில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கண்ணாடி ஜாடியில் தோல் துண்டை பாலிஷ் போட்ட பித்தளைத் துண்டின் மேல் வைத்து, தொடாத மாதிரி ஒரு ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்து மூடுங்கள். இன்னொரு ஜாடியில் தோல் இல்லாமல் இதே ஏற்பாடு. ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கறையை எப்படி எடுப்பது? புளி போடலாமா?

பித்தளைக்குப் புளி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பிடியின் இடுக்கில் இறங்கவிடாதீர்கள், உடனே கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அப்புறம் பாலிஷ், அதற்குப் பிறகு மெழுகு. அதன்பின் கத்தியை உறையில் வைக்காமல், துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது மட்டும் உறை.