ஒப்பந்த வேலையில் கழிந்த காலத்தை ஆட்சேர்ப்பாளரிடம் எத்தனை ஆண்டு என்று சொல்வது?

கேள்வி: தருமபுரியைச் சேர்ந்த நான் 2019 ஜூன் முதல் 2024 மே வரை பெங்களூரில் நான்கு ஒப்பந்தங்களில் நிரலாளராக வேலை செய்தேன். நடுவில் மொத்தம் 9 மாதம் வேலை இல்லை. இரண்டு ஒப்பந்தங்கள் 5 மாத காலம் ஒரே நேரத்தில் ஓடின. மொத்த அனுபவத்தை 5 ஆண்டு என்பதா, 4 ஆண்டு 8 மாதம் என்பதா, 4 ஆண்டு 3 மாதம் என்பதா?

பதில்:

4 ஆண்டு 3 மாதம் என்றுதான் சொல்ல வேண்டும். நாள்காட்டியின்படி உங்களுக்கு 60 மாதங்கள் ஆகின்றன. வேலையில்லாத 9 மாதங்களைக் கழித்தால் 51. ஒரே மாதத்தில் இரண்டு இடங்களுக்கு நிரல் எழுதியிருந்தாலும் அந்த மாதம் ஒரு மாதமாகத்தான் கணக்கில் சேரும். ஒப்பந்தங்களைத் தனித்தனியாகக் கூட்டும்போது வருகிற 56 மாதம் என்ற எண், பார்த்த வேலையின் அளவைக் காட்டுமே தவிர, கழிந்த காலத்தைக் காட்டாது.

இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு வேலையை இழக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரியில் பிறந்த நான் ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, அத்திப்பள்ளி வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பேருந்தில் போய்வந்து, 2013 ஜூலை முதல் 2019 ஜூன் வரை நான்கு ஒப்பந்தங்களை முடித்திருந்தேன். அவை முறையே 24, 11, 18, 13 மாதங்கள், கூட்டினால் 66. முதல் ஒப்பந்தத்துக்குப் பின் 2 மாதமும், இரண்டாவதற்குப் பின் 4 மாதமும் சும்மா இருந்தேன். ஆனால் விண்ணப்பத்தில் மாதங்களை விட்டுவிட்டு 2013–2015, 2015–2016, 2016–2018, 2018–2019 என்று ஆண்டுகளை மட்டும் போட்டிருந்ததால், பார்ப்பவருக்கு 6 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் ஓடியதுபோல் தெரிந்தது. அந்த வேலைக்குக் குறைந்தது 6 ஆண்டு கேட்டிருந்தார்கள். நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டரும் வந்த பிறகு, பின்னணிச் சரிபார்ப்பு செய்தவர்கள் என் பிஎஃப் கணக்கின் பணி வரலாற்றை எடுத்துப் பார்த்தார்கள். வேலையில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் நாள் கணக்கில் இருந்தன. ஆஃபரை நிறுத்திவிட்டார்கள். 6 மாதம் குறைந்தது பெரிய விஷயமில்லை, முன்பே சொல்லியிருந்தால் விதிவிலக்குக் கேட்டிருப்போம், இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகாததுதான் சிக்கல் என்று தொலைபேசியில் பேசிய அம்மையார் பொறுமையாகவே விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்கு அதிகம் உறைத்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 6 என்று போடச் சொன்னவர் என்னை அந்த வேலைக்கு அனுப்பிய கன்சல்டன்சிக்காரர். அவருக்குத் தரகுத் தொகை கிடைப்பது நாம் வேலையில் சேரும்போதுதான் என்பதால், நாம் வடிகட்டலில் தப்பி உள்ளே போவதில்தான் அவர் கவனம் இருக்கும். சரிபார்ப்பு நடப்பதோ வேறொருவர் கையில். கையெழுத்து நம்முடையது என்பதால், விளைவும் நம்மோடு நின்றுவிடுகிறது.

எண்ணிக்கையைவிட அதிகமாக ஒப்பந்தக்காரர்களைச் சிக்கலில் மாட்டுவது, யாருடைய பெயரை முதலாளி என்று எழுதுவது என்பது. நாம் உட்கார்ந்து வேலை செய்யும் கிளையன்ட் ஒருவர். அவரிடம் ஆள் தர ஒப்புக்கொண்ட வெண்டர் ஒருவர். சில சமயம் அந்த வெண்டருக்குக் கீழே இன்னொரு வெண்டர். மாதா மாதம் சம்பளம் போடும் பேரோல் நிறுவனம் அந்தக் கடைசி ஆளாக இருக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் கிளையன்டின் பெயர் இருக்கிறதே என்று அதையே முதலாளியாக எழுதிவிட்டால், சரிபார்ப்பவர் கிளையன்டின் மனிதவளத் துறையைக் கேட்பார். இப்படி ஒரு பணியாளர் எங்களிடம் இருந்ததில்லை என்று அவர்கள் உண்மையையே சொல்வார்கள். பொய் சொன்னவராக நிற்பது நாம். ஆகவே ஆஃபர் லெட்டரிலும் ரிலீவிங் லெட்டரிலும் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை முதலாளியாக எழுதி, அதன் கீழே கிளையன்ட் இன்னார் என்று தனி வரியில் சொல்லுங்கள். பெயரை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ஐரோப்பிய வங்கி ஒன்று, காப்பீட்டு நிறுவனம் ஒன்று என்று துறையைச் சொன்னாலே போதும். நான்கு முதலாளிகளின் பெயர் வரிசையாக நின்றால் அடிக்கடி தாவுகிறவர் என்ற எண்ணம் வரும் என்பதால், நான் எல்லாவற்றையும் ‘ஒப்பந்த நிரலாளர், 2013 ஜூலை – 2019 ஜூன், வேலை செய்தது 66 மாதம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டேன். இடைவெளிகளும் அவற்றின் இடத்திலேயே ஒவ்வொரு வரியாக இருக்கின்றன.

என் பெரியப்பா காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர். அனுபவம் எவ்வளவு என்று கேட்டால் பதினான்கு சீசன் என்பார். கூழுக்கு எடுக்கும் பெங்களூரா ரக மாங்காயின் வரத்து தொடங்கி முடிகிற சில மாதங்கள்தான் சீசன் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவர் பதினான்கு ஆண்டு முழுக்கக் கொதிகலன் முன்னால் நின்றார் என்று எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் தொழிலில் அப்படி ஒரு பொதுவான அளவு இல்லாததால்தான் மாதக் கணக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்சேர்ப்பாளர் அனுப்பும் படிவத்தில் மொத்த அனுபவத்துக்கு ஒரு கட்டமும், அந்த வேலைக்குத் தொடர்புள்ள அனுபவத்துக்கு இன்னொரு கட்டமும் இருக்கும். இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுவது பழக்கமாகிவிட்டது. எனக்கு ஜாவாவில் 66 மாதம். ஜாவாவில் எழுத உதவும் கருவித்தொகுப்பான ஸ்பிரிங் பூட்டில் மூன்றாவது ஒப்பந்தம் முதல்தான், ஆகவே 31 மாதம். இரண்டு கிளையன்டுகளுக்கு நடுவே பேரோல் நிறுவனம் வேலை ஒதுக்காமல் சம்பளம் மட்டும் கொடுத்துப் பெஞ்சில் வைத்திருந்தால், அந்தக் காலத்தை மொத்தத்தில் சேர்க்கலாம், தொடர்புள்ளதில் சேர்க்கக் கூடாது. 2019-ல் என்னிடம் ஒருவர் ஸ்பிரிங் பூட்டில் 7 ஆண்டு கேட்டார். அதன் முதல் பதிப்பு வெளிவந்ததே 2014 ஏப்ரலில்தான். அதை நான் சொன்னதும், பரவாயில்லை, 5 என்று போட்டுக்கொள்கிறேன் என்றார்.

புள்ளி வைத்து எழுதுவதையும் தவிருங்கள். நம் ஊரில் 5.6 என்றால் 5 ஆண்டு 6 மாதம். தசமமாகப் படிக்கும் வெளிநாட்டு மேலாளருக்கு அது 5 ஆண்டும் ஏறத்தாழ 7 மாதமும் ஆகும். 5.1 என்பது ஒரு மாதமா, பத்து மாதத்தில் பூஜ்யம் விடுபட்டதா என்று நம்மவர்களுக்கே குழப்பம் வருவதுண்டு.

பேரோல் இல்லாமல் பில் போட்டுப் பணம் வாங்கிய மாதங்கள் இருந்தால் அவையும் அனுபவம்தான். பிஎஃப் பதிவு அவற்றுக்கு இருக்காது என்பதால், ஒப்பந்தத்தின் நகல், பில்கள், வங்கிக் கணக்கு வரவு, பணம் தருபவர் முன்கூட்டியே வருமான வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் பிடித்தவர் பெயரும் தொகையும் காட்டும் படிவம் 26ஏஎஸ் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்த 5 மாதம். உண்மையிலேயே இரண்டு இடத்திலும் வேலை பார்த்தீர்கள் என்றால், முதல் ஒப்பந்தம் அதை அனுமதித்ததா என்று இப்போதே படித்துப் பாருங்கள், நேர்காணலில் கேட்பார்கள். பிஎஃப் பதிவைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். விலகிய தேதியைப் பேரோல் நிறுவனம் பதியாமல் விட்டாலோ தவறாகப் பதிந்தாலோ, பழைய வேலை தொடர்வதுபோலவே பதிவு காட்டும். அடுத்த இடத்தில் சேர்ந்ததும் இரட்டை வேலை பார்த்ததுபோல் தோன்றும். தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து 2 மாதம் கடந்த பிறகு பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணைக் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண்) கொண்டு நுழைந்து நீங்களே பதியலாம். தவறான தேதி ஏற்கெனவே ஏறியிருந்தால் திருத்தம் கேட்க வேண்டும், சில சமயம் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். அடுத்த விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.