காளையை ஓட விடலாமா?

தம்பி, 'அசைவத்தை விட்டுவிட்ட நான், அப்பா எங்கள் காளையை எருது விடும் விழாவுக்கு, அதாவது காளைகளை ஓடவிடும் பந்தயத்துக்கு, ஓட்டிப்போவதைத் தடுக்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது. ஜல்லிக்கட்டை அனுமதிக்க விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 2017 திருத்தத்தில் எருது விடும் விழாவும் அடக்கம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் 'ஓட விடாதே' என்று மல்லுக்கு நிற்காமல், எப்படி விடுவது என்று பேசுங்கள். வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் நான் பார்த்தது: எல்லைக்கோட்டைத் தாண்டி, வாயில் நுரையோடு நின்ற மாட்டை வாலை முறுக்கி வண்டியில் ஏற்றினார்கள். உங்கள் மாட்டுக்கு அது வேண்டாம். ஓடி முடிக்கும் இடத்தில் பழகிய ஆள் ஒருவர், நிழல், ஒரு வாளி தண்ணீர். இதற்கு அப்பா ஒத்துக்கொள்வார்.

அப்புறம், தோல் செருப்போடு பேசப் போகாதீர்கள். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர் பக்கம் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள்; 'மாட்டுக்காகப் பேசுகிறவன் காலில் தோலா?' என்பார்கள்.