டாக்டரைப் பார்க்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் அண்ணன்

உங்களுக்கு டிமென்ஷியா தொடங்கிவிட்டது என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. மறந்துபோனதையெல்லாம் தேதி போட்டு, என்ன கிழமை, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது வரை நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோய் பிடித்தவர்களால் பெரும்பாலும் இப்படிப் பட்டியல் போட முடியாது. தாங்கள் மறப்பதே அவர்களில் பலருக்குப் பிடிபடாது. வீட்டில் இருப்பவர்கள்தான் பதறிப்போய் அழைத்து வருவார்கள். 51 வயதில் ஒருவருடைய பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு அரை மணி கழித்து வருவதும், எதை எடுக்க வந்தோம் என்று அறைக்குள் நின்று முழிப்பதும் நோய் அல்ல. அதுவும் ராத்திரி மூன்று மணி வரை மூளை பற்றிய வீடியோக்களைப் பார்த்தால், காலையில் யாருக்குத்தான் பெயர் ஞாபகம் வரும்?

தூக்கம் வரவில்லை என்று நீங்களாகவே கடையில் வாங்கி விழுங்கும் டைபென்ஹைட்ரமின் மாத்திரையை இன்றோடு விடுங்கள். அது அலர்ஜிக்கான மாத்திரை. தூக்கம் அதன் பக்கவிளைவு. ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்கிறது. டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய்க்கு நாங்கள் டோனெபெசில் என்ற மருந்தைக் கொடுப்பதே அந்த ரசாயனத்தைக் கூட்டத்தான். மறதிக்குப் பயந்து மறதி தரும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். (மருத்துவர் எழுதிக் கொடுத்த வேறு தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். அவற்றில் பலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

இனி அந்த வீடியோ. நரம்பணுவுக்குள் புரதம் போகும் தண்டவாளம் உடைந்துவிடுவதால்தான் டிமென்ஷியா வருகிறது என்று அதில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. நரம்பணு தனக்கு வேண்டிய புரதங்களைப் பெரும்பாலும் உட்கருவைச் சுற்றியுள்ள உடல் பகுதியில்தான் தயாரிக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்பு இழை எவ்வளவு நீளம் தெரியுமா? இடுப்புத் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை போகும் இழை சுமார் ஒரு மீட்டர். கைனசின் என்ற புரதம் சரக்கை இழையின் நுனிக்குக் கொண்டுபோகிறது; டைனீன் என்ற இன்னொன்று கழிவை அழிப்பதற்காகத் திரும்பக் கொண்டுவருகிறது. வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை நகரும். இழையின் கட்டுமானத்துக்கான புரதங்களோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பாதத்துக்குப் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த ஏற்பாட்டில் கோளாறு வந்தால் முதலில் அடிபடுவது இழையின் நுனிதான்.

சரக்கு ஓடும் பாதை நுண்குழாய்களால் ஆனது. அவற்றைப் பிடித்து நிறுத்தும் புரதங்களில் ஒன்று டாவ். அல்சைமர் நோயில் டாவ் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ள, அது குழாயை விட்டுக் கழன்று தனக்குள்ளேயே சிக்கலாக முறுக்கிக்கொள்கிறது. 1906-ல் அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் பார்த்து விவரித்த நார்ச்சிக்கல்கள் இவைதான். ஆனால் போக்குவரத்து கெட்டதால் சிக்கல் வந்ததா, சிக்கலால் போக்குவரத்து கெட்டதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வீடியோக்காரருக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை!

புரதம் மூளையில் படியும் என்று பயந்து சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தீர்களாம். சாப்பிடும் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். டாவ் உங்கள் நரம்பணுக்களே தயாரிப்பது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, பழையபடி சாப்பிடுங்கள். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ‘டாவைக் கரைக்கும்’ கேப்ஸ்யூலைத் தூக்கிப் போடுங்கள், அப்படி ஒரு மாத்திரைக்கு இதுவரை எந்த அங்கீகாரமும் கிடையாது. அதில் கலந்திருக்கும் ஜின்கோ என்ற மூலிகையை 3,069 முதியவர்களிடம் சோதித்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லியாயிற்று. செல்போன், அலுமினியப் பாத்திரம் பற்றிய பயத்தையும் விடுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு 78 வயதில் நோய் மறதியாகத் தொடங்கியது. அந்த வயதில் வருவதற்கு முக்கியக் காரணம் வயதுதான். ஒரே ஒரு மரபணுவால் பிள்ளைகளுக்கு நேராக இறங்கும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். உங்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்களைப் பற்றிய நான்கு பக்கம் அல்ல. கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஐந்து வரி. 57 வயது அண்ணன். எட்டு மாதமாக ஆளே மாறிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சத்தமாகச் சிரிக்கிறார். முன்பின் தெரியாதவர்களுக்குப் பணம் அனுப்புகிறார். அண்ணி காய்ச்சலில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘ஞாபகசக்தியெல்லாம் பிரமாதமாக இருக்கிறது, அதனால் அப்பாவின் நோய் இல்லை, வேலை டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவும் கட்டிவிட்டீர்கள். அடுத்த வரியில், வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, வலி எதுவும் இல்லை, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பிசியோதெரபி நடக்கிறது என்கிறீர்கள்.

குணமாற்றமும், வலியில்லாமல் வலுக்குறையும் கையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. கழுத்துத் தேய்மானத்தில் பெரும்பாலும் வலியோ மரத்துப்போதலோ கூடவே இருக்கும். ஞாபகம் நன்றாக இருக்கும்போதே குணத்தைக் குலைக்கும் டிமென்ஷியா ஒன்று உண்டு: ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. 45 முதல் 65 வயதுக்குள்தான் அதிகம் வரும். சிலருக்கு அதோடு தசைகளை இளைக்கவைக்கும் மோட்டார் நியூரான் நோயும் சேர்ந்துகொள்ளும்.

புரதம் இடம் மாறிப்போகும் கதை இங்கேதான் உண்மையிலேயே பொருந்துகிறது. டி.டி.பி-43 என்ற புரதத்தின் முக்கிய வேலை உட்கருவுக்குள். இந்த நோய்கள் வந்தவர்களில் பலரிடம் அது உட்கருவைக் காலிசெய்துவிட்டு வெளியே வந்து கட்டியாகச் சேர்கிறது. உள்ளே வேலை நின்றுபோகிறது, வெளியே குப்பை சேர்கிறது. மோட்டார் நியூரான் நோய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோரிடமும், ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாக்காரர்களில் சுமார் பாதிப் பேரிடமும் இதே புரதம்தான் படிகிறது என்பது 2006-ல் தெரியவந்தது. 2011-ல் இந்த இரண்டு நோய்களோடும் தொடர்புள்ள சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணு சிக்கியது. அதில் ஆறு எழுத்துத் துண்டு ஒன்று, சில முறை வர வேண்டியது, நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறது. உட்கருவின் வாசல் வழியாக நடக்கும் போக்குவரத்தையே இது கெடுக்கிறது என்று 2015-ல் வந்த ஆய்வுகள் காட்டின.

அண்ணனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. மூளையின் முன்பகுதியில் மெதுவாக வளரும் கட்டி, பி12 குறைவு, தைராய்டு, கடும் மனச்சோர்வு ஆகியவையும் ஆளை மாற்றும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை, நரம்பையும் தசையையும் பார்க்கும் இ.எம்.ஜி., எது தேவை என்று அவர் தீர்மானிப்பார்.

அண்ணியும் கூடப் போகட்டும். அண்ணனைத் தனியாக அனுப்பினால் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவாக இருந்தால் அது பிடிவாதம் இல்லை, தன் மாற்றம் தனக்கே தெரியாதது அந்த நோயின் குணம். நடந்தவற்றை அண்ணி ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழிந்திருக்கிறதா, தோலுக்கு அடியில் தசை துடிக்கிறதா என்று பார்த்து அதையும் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கைகால் இளைத்துப் பேச்சு குழறியிருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெரிய தொகை அனுப்புவதற்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் இப்போதே ஏற்பாடு செய்யலாம். போன பணம் திரும்பாது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, குறித்த நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இணையத்தில் நீங்கள் ஆர்டர் செய்யப் பார்க்கும் மரபணுப் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம். அண்ணனுக்கு என்ன என்று தெரியட்டும். அதற்குப் பிறகும் கேள்வி இருந்தால், மரபணு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.