சீலை தைச்சது காணும்

கேள்வி: அக்கா, எனக்கு 40 வயது. கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு நாவல்கள் வெளிவந்திருக்கின்றன. சின்ன வயதிலிருந்தே ஆர்தர் கொனன் டொயில் என்றால் பைத்தியம். எல்லாரும் அவரை ஷெர்லொக் ஹோம்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் போர் வரலாறும் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவரைப் போல நானும் நாவலை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, நாலு வருடமாக வன்னிப் போரின் இராணுவ வரலாற்றை எழுதுகிறேன். 640 பக்கம், 14 வரைபடம். யுத்தம் முடிந்த காலத்தில் நான் யாழ்ப்பாணத்தில், கம்பஸில். 2006 இல் வன்னிக்கான பாதை மூடியதோடு வீட்டுக்கு வரமுடியவில்லை. அப்பா 2009 இல் மாத்தளனில் தவறிவிட்டார். அம்மா என்னோடுதான் இருக்கிறா. எங்கள் பதிப்பாளர் “இதை நாவலாக்கித் தாரும், விற்கும்” என்கிறார். மனைவியோ “பிள்ளைகளின்ர படிப்பைப் பாருங்கோ” என்கிறா. வீட்டில் எழுதவும் இடமில்லை. வரைபடங்களை விரிப்பதற்காக அம்மாவின் கால் தையல் மெஷினைக் கோழிக்கூட்டடிக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டேன். நல்லகாலம், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “சீலை தைச்சது காணும், கொண்டுபோ” என்றா. இப்போது நான் என்ன செய்ய? நாவலா, வரலாறா?

பதில்: தம்பி, நாவலா வரலாறா என்று கேட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதமாவது வந்துவிடும். எழுதுகிறவர் அநேகமாக ஆம்பிளை. பதிப்பாளர் ஏதாவது சொல்லியிருப்பார், மனைவி முகத்தைத் தூக்கிவைத்திருப்பா. உமது கடிதத்தையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டு போனேன். கோழிக்கூட்டடியில் நின்றுவிட்டேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

சீலையை யாராவது தைப்பார்களா? சட்டை தைப்பார்கள், பாவாடை தைப்பார்கள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைப்பார்கள். சீலைக்கு ஓரம் அடிப்பதுண்டு. ஆனால் அதை ஓரம் அடிக்கிறது என்றுதான் சொல்லுவோம். உமது அம்மா தையல்காரி, சொல்லை மாற்றிச் சொல்லியிருக்க மாட்டா. “சீலை தைச்சது காணும்”, தைச்சது போதும் என்று வன்னியில் ஒரு தாய் சொன்னால், அவ சொல்வது 2009 ஐ. ஹோம்ஸை மனப்பாடமாக வைத்திருக்கிறீர். சப்பாத்தில் ஒட்டின சேற்றைப் பார்த்து ஆள் எந்த ஊரால் வருகிறான் என்று சொல்லுகிற கதைகளைக் கரைத்துக் குடித்திருக்கிறீர். பெற்ற தாய் நாலு சொல் சொல்லியிருக்கிறா. அதை “ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதுகிறீர். அதற்கு முன்னால் “நல்லகாலம்” என்றும் போட்டிருக்கிறீர். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சரி, தெரியாதென்றால் சொல்லுகிறேன். நான் மாத்தளனுக்குப் பக்கத்தில், கடற்கரைப் பொக்கணையில் இருந்தேன். உள்ளே, பரந்தன் பக்கமும் தருமபுரம் பக்கமும் பங்கர் வெட்டுவது பெரிய காரியமில்லை. மண் பிடிக்கும். மேலே பனங்குற்றியோ தென்னங்குற்றியோ போட்டு மண்ணை ஏற்றிவிடலாம். கடற்கரைக்கு வந்தபிறகு நிலம் முழுக்க மணல். முழங்காலளவு தோண்டுவதற்குள் பக்கச் சுவர் சரிந்து வந்து காலை மூடும். இன்னும் தோண்டினால் தண்ணீர் ஊறும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கினால்தான் பங்கர் பங்கராக நிற்கும். உரப்பை இருந்தவர்கள் உரப்பையில் கட்டினார்கள். அது முடிந்ததும் பெட்டிக்குள் இருந்த சீலைகள் வெளியே வந்தன.

ஒரு சீலையைக் குறுக்கே ஆறாக வெட்டுவோம். துண்டை இரண்டாக மடித்து அடியையும் ஒரு பக்கத்தையும் இரட்டைத் தையல் அடித்தால் பை. பருத்திச் சீலை ஈரத்துக்கு உக்கிப்போகும். நைலெக்ஸ் உக்காது, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் வழுக்கும். அதனால் கீழ் வரிசைக்கு ஒன்று, மேல் வரிசைக்கு ஒன்று என்று பார்த்து வைத்தோம். எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டி அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தா. காலால் மிதிக்கச் சட்டம் இல்லை, கையால்தான் சில்லைச் சுற்றினோம். என்னுடைய கூறைச் சீலையின் சரிகை மூன்று ஊசியை முறித்தது. சீலை போனதைவிட ஊசி முறிந்ததற்குத்தான் அன்றைக்கு எல்லாரும் என்னை ஏசினார்கள். ஊசி கிடைக்காது.

இப்போது உமது கணினியைத் திறந்து அந்த 640 பக்கத்திலும் “சீலை” என்ற சொல்லைத் தேடிப் பாரும். எத்தனை இடத்தில் வருகிறது என்று எனக்கு எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். “அக்கா, அது சனங்களின் கதை, நான் எழுதுவது இராணுவ வரலாறு” என்று சொல்லப்போகிறீர். இராணுவ வரலாறு என்றால் என்ன தம்பி? எந்த மண்ணில் அரண் நிற்கும், எந்த மண்ணில் சரியும், அரணை எதைக்கொண்டு கட்டினார்கள், அந்தச் சாமான் எங்கேயிருந்து வந்தது, எப்போது தீர்ந்தது. இதெல்லாம் இராணுவ வரலாறு இல்லையென்றால் உமது 14 வரைபடமும் வெறும் கோடு. ஆகவே “பெண்களின் அனுபவங்கள்” என்று கடைசியில் ஒரு அத்தியாயம் சேர்த்து என்னைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம்.

உமது ஆளையே எடுப்போம். 1900 இல், டச்சு வழிவந்த போயர் குடியேறிகளோடு பிரித்தானியர் சண்டைபிடித்த காலத்தில், கொனன் டொயில் தென்னாபிரிக்காவுக்குப் போனார். அப்போதே பேர்பெற்ற எழுத்தாளர், வயதும் நாற்பது கடந்துவிட்டது. தாய் போகவேண்டாம் என்று கோபித்தும் போனார். புளூம்பொன்டெய்னில் கிரிக்கெட் மைதானத்தில் போட்ட ஆஸ்பத்திரியில் தொண்டர் வைத்தியராக வேலை செய்தார். ஊருக்குத் தண்ணீர் வரும் இடத்தைப் போயர்கள் பிடித்துவிட்டதால் படைகள் கண்ட தண்ணீரையும் குடித்து நெருப்புக் காய்ச்சலில் விழுந்தன. அந்தப் போரில் குண்டுபட்டுச் செத்த பிரித்தானியப் படையினரைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். அதை அவர் கண்ணால் கண்டார். அதே வருடமே, போர் முடியும் முன்னே, போயர் யுத்தத்தின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். போர் இழுபட்டு 1902 இல் முடிந்தது. அதுவரை பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே இருந்தார். உழைப்பாளி, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காணாததை எழுதப் போனபோது என்ன செய்தார்? பிரித்தானியப் படை பண்ணைகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தது. அங்கே பட்டினியிலும் நோயிலும் 26,000 அளவில் போயர் பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். கறுப்பின மக்களுக்கு வேறு முகாம்கள். அங்கே செத்தவர்களை அன்று ஒழுங்காக எண்ணக்கூட ஆளில்லை. இதையெல்லாம் நியாயப்படுத்தி 1902 இல் ஒரு சிறுநூல் எழுதினார் உமது ஹோம்ஸின் தகப்பன். அதே வருடம் ‘சேர்’ பட்டமும் கிடைத்தது. போர் முடிய மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற எனக்கு இதை வாசிக்க எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும். அந்தப் போரின் கைதிகள் ஐயாயிரம் பேரளவில் நம் நாட்டுத் தியத்தலாவைக்கே கொண்டுவரப்பட்டவர்கள். தூரத்துக் கதை என்று தள்ளவும் முடியாது.

அதே முகாம்களுக்கு எமிலி ஹொப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண் நேரே போனா. நாவல் எழுதியவ இல்லை, பாதிரியாரின் மகள். கூடாரத்துக்குள் பெண்களோடு இருந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினா. சொந்த நாட்டில் துரோகி என்று ஏச்சு வாங்கினா. போர் முடிந்தபின் திரும்பிப் போய் அந்தப் பெண்களுக்கு நூல் நூற்கவும் நெய்யவும் பள்ளிக்கூடம் நடத்தினா. நெசவு என்றதும் எனக்கு உமது வீட்டுக் கோழிக்கூடு ஞாபகம் வருகிறது, பாரும்.

பிறகு முதலாம் உலக யுத்தம். கொனன் டொயில் பிரான்ஸ் போர்முனை வரலாற்றை ஆறு பாகமாக எழுதினார், 1916 இலிருந்து 1920 வரை. தளபதிகளுக்குக் கடிதம் எழுதுவார், அவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லுவார்கள், அதைக் கோர்ப்பார். அவருடைய மகன் கிங்ஸ்லி சோம் சண்டையில் காயப்பட்டான். 1918 ஒக்டோபரில், போர் ஓய இரண்டு வாரம் இருக்கையில், காய்ச்சலில் செத்தான். அந்த ஆறு பாகத்தையும் இன்று ஆராய்ச்சிக்காரரைத் தவிர யார் தேடுகிறார்கள்? தளபதிகள் கவனமாகத்தான் பேசுவார்கள். நீர் தேடிப்போன “அந்தப் பக்கம் இந்தப் பக்கம்” இருந்தவர்களும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இன்னொன்றையும் உமக்கு ஞாபகப்படுத்த வேண்டும். ஹோம்ஸைக் கொன்றுவிட்டுக் கனமான சரித்திரக் கதைகளுக்குப் போகிறேன் என்று 1891 இல் அவர் முதலில் சொன்னது தாயிடம். தாய் கூடாது என்றா, இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். கதை சொல்லும் ருசி தனக்கு அந்தத் தாயிடமிருந்து வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கதையில் நெருக்கடியான இடம் வந்தால் குரலைத் தாழ்த்தி, பயந்தவ போல மெல்லச் சொல்லுவாவாம். அவரைப் போல ஆகவேண்டுமென்றால் அங்கேயிருந்து தொடங்கும். உமது அம்மாவும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா. நீர் மேசையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தீர்.

உமது மனைவி சொல்வது சரி. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு. பதிப்பாளருக்கு இப்போதைக்குப் பதில் போடவேண்டாம்.

நீர் ஏன் வரைபடங்களோடு மல்லுக்கட்டுகிறீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பாதை மூடியது உமது பிழையில்லை. இருபத்தொரு வயதுப் பிள்ளை முகமாலைப் போர்முனையைத் தாண்டி எப்படி வரும்? ஆனால் வீட்டார் பட்டதை அறிய உமக்கு இருக்கிற வழி அம்மாதான். அவவைக் கேட்கப் பயந்து நாலு வருடமாக ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறீர். பிள்ளை என்று ஒருவன் இருந்தால் தாயின் பாரத்தில் ஒரு பக்கத்தையாவது பிடிக்கவேண்டும். இப்படிச் சொல்வது இந்தக் காலத்துக்குப் பழசாகப்படலாம். எனக்கு அதைவிட வேறு தெரியாது.

ஆகவே மேசை கோழிக்கூட்டடிக்குப் போகட்டும். மழை பெய்தால் வரைபடத்துக்குத் தறப்பாள் போடும். மெஷினைத் திரும்ப உள்ளே கொண்டுவாரும், யன்னலடியில், வெளிச்சம் விழுகிற பக்கமாக. அம்மாவுக்குக் கண் மங்கியிருக்கும், ஊசியில் நூல் கோர்த்துக் கொடும். பிள்ளைகளின் கிழிந்த பாவாடையோ தலையணை உறையோ ஏதாவது கொடுத்துத் தைக்கச் சொல்லும். கைபேசியை முன்னால் வைத்துப் பதிவு செய்ய வேண்டாம், அவ வாயை மூடிவிடுவா. நீரும் சும்மா இருக்காமல் பழைய தையலைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் இரும். “எத்தனை சீலை அம்மா?” என்று ஒருநாள் கேளும். எண்ணிக்கைதானே, அதைச் சொல்லுவா. ஒவ்வொரு சீலையும் எதுவென்று சொல்லுவா, யாருடைய கலியாணத்துக்கு எடுத்தது என்று சொல்லுவா. அப்பாவைப் பற்றி மட்டும் நீராகக் கேட்க வேண்டாம். எத்தனை மாதம் எடுத்தாலும் பரவாயில்லை, அவவாக வரட்டும்.

அதன்பிறகும் நாவலா வரலாறா என்ற சந்தேகம் இருந்தால் எழுதும், பதில் போடுகிறேன்.

மெஷினை உள்ளே எடுக்கும் முன் பலகையில் காய்ந்திருக்கிற கோழி எச்சத்தை ஈரச் சீலைத் துண்டால் ஊறவைத்துத் துடையும், சுரண்டினால் பொலிஷ் போய்விடும். ஈரத்தில் நின்ற தோல் பெல்ட் இழுபட்டிருக்கும், ஒரு அங்குலம் வெட்டிக் கொளுவினால் பிடிக்கும். பொபின் கூட்டுக்குள் உமியும் தூசும் இருக்கும். அதைக் கழற்றி ஊதிவிட்டு மூன்று சொட்டு மெஷின் எண்ணெய் விடும். தேங்காயெண்ணெய் விடவேண்டாம், இறுகிப்போகும்.