எஸ்.பி.எஃப். 50 தடவியும் மங்கு கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 36 வயது. அலுவலகத்தில் ஜன்னலோர இருக்கை. ஒரு வருடமாகக் கன்னங்களில் மங்கு இருக்கிறது. காலையில் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் தடவுகிறேன், வெயிலில் அலைவதும் இல்லை. ஆனாலும் கருமை கூடுகிறது. எஸ்.பி.எஃப். 100 வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: 100 வேண்டாம். வெயில் பட்டால் தோல் சிவந்து எரிகிறதல்லவா? அதை வைத்துக் கணக்கிடுவதுதான் எஸ்.பி.எஃப். அந்த எரிச்சலுக்கு முக்கியக் காரணம் புற ஊதா பி கதிர். போதிய அளவு தடவினால் எஸ்.பி.எஃப். 30 அதில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். அதற்கு மேல் எண் ஏறினாலும் பலன் அவ்வளவாக ஏறாது.

உங்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் புற ஊதா ஏ கதிர். அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர். தரையை எட்டும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பங்கு இதுதான். தோலின் உள்ளடுக்கு வரை இறங்கி நிறமியைத் தூண்டும், சுருக்கத்தையும் கொண்டுவரும். ஆனால் எரியாது என்பதால் படுவதே தெரிவதில்லை. ஜன்னல் கண்ணாடி பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் திரை போடச் சொல்லுங்கள்.

இனி சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணோடு நிறுத்தாமல் 'பி.ஏ.' என்ற குறியீட்டையும் பாருங்கள். ஜப்பானில் தொடங்கிய முறை இது. ஏ கதிரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் கூட்டல் குறிகளால் காட்டுகிறது. உங்களுக்கு மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி உள்ளது தேவை. மங்குக்கு இன்னொன்றும் உண்டு: நம் போன்ற மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கச் செய்யும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அதிகம் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். முதலில் அதற்கு மாறுங்கள்.

எவ்வளவு தடவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் பட்டாணி அளவுதான் எடுக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்க வேண்டும். குறைத்துத் தடவினால் உறையில் போட்ட பாதுகாப்பு கிடைக்காது. காலையில் தடவியது மாலை வரை நிற்கவும் நிற்காது. வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி தடவுங்கள். அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பிறகு ஒரு முறையாவது தடவுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மங்கு போகும், முகம் வெளுக்கும் என்று யாராவது கிரீம் வாங்கிக் கொடுத்தால் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக்குழாய்கள் தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். அப்படி வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் தயங்காமல் அந்தக் குழாயோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் மங்கைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று வழி உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.