முன்னுரையில் மாட்டிக்கொண்ட ஆய்வேடு

கேள்வி: மேலூர் வட்டாரக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி முறை (மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட ஊர் ஓர் ஆளை வைக்கும் முறை) பற்றித் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 18 கண்மாய்கள், 64 பேட்டிகள் கையில் உள்ளன. ஆறு மாதமாக முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. இயல்களை எப்படிப் பிரிப்பது? எங்கே தொடங்குவது?

பதில்: முன்னுரையை மூடி வையுங்கள். ஆய்வேடு என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் எழுதினால் மாவட்ட வரலாறு, மழையளவு, 1895-ல் பெரியாறு அணை வந்த கதை என்று பக்கம்தான் வளரும். தேர்வாளர் அதைப் புரட்டித் தள்ளிவிடுவார்.

முதலில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘மேலூர்க் கண்மாய்களில் நீர்பாய்ச்சி முறை’ என்பது வெறும் தலைப்பு. ‘ஓர் ஊரில் நீர்பாய்ச்சி இன்றும் மடை திறக்கிறார், பக்கத்து ஊரில் ஏன் இல்லாமல் போனார்?’ என்பது கேள்வி. கூலி, நிலம் கைமாறியது, போர்வெல் என்று மூன்று காரணங்கள் பேட்டிகளில் தெரிந்தால் அவையே மூன்று இயல்கள். கண்மாய்வாரியாகப் பிரித்தால் ஒரே விஷயத்தைப் பதினெட்டு தடவை சொல்ல நேரும். இவற்றுக்கு முன்னால் முன்னுரை, முந்தைய ஆய்வுகள், களமும் முறையும், பின்னால் முடிவுரை. 220 பக்கம் என்றால் பாதிக்கு மேல் இந்த மூன்று இயல்களுக்கே போகட்டும்.

சான்று அதிகமுள்ள இயலில் தொடங்குங்கள். கூலி என்றே வைத்துக்கொள்வோம். ‘கூலி குறித்துத் தகவலாளிகள் பல கருத்துகளைக் கூறினர்’ என்ற வாக்கியம் எதையும் சொல்லவில்லை. ‘கூலியை நெல்லாக அளக்கும் ஏழு கண்மாய்களில் ஐந்தில் நீர்பாய்ச்சி இருக்கிறார், பணமாகத் தரும் பதினொன்றில் இரண்டில்தான்’ என்று தொடங்குங்கள். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து அட்டவணை, பிறகு ஒரு நீர்பாய்ச்சியின் பேச்சு, அவர் வாய்மொழியிலேயே. அதன்பின் கணக்குக்கு ஒத்துவராத அந்த நான்கு கண்மாய்கள்: நெல் அளந்தும் நீர்பாய்ச்சி இல்லாத இரண்டு, பணம் தந்தும் இருக்கிற இரண்டு. பலர் இவற்றை மறைக்கப் பார்க்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். இரண்டு பக்கம் செலவழித்து விளக்குங்கள். நெல் அளந்தும் ஆள் இல்லாத ஊரில் போர்வெல் வந்திருந்தால், அடுத்த இயலுக்கு வழியும் அதுவே.

பேட்டி ஒவ்வொன்றுக்கும் ஊர், மடை, வரிசை எண் சேர்த்த குறியீடு கொடுங்கள். மேற்கோளுக்குக் கீழே அந்தக் குறியீடும் தேதியும் போதும். நீர்ப் பங்குச் சண்டை பற்றிப் பேசியவரின் பெயர் அச்சில் வர வேண்டாம்.

முந்தைய ஆய்வுகள் இயலில் ‘இன்னார் 2009-ல் சொன்னார், இன்னார் 2014-ல் சொன்னார்’ என்று அடுக்காதீர்கள். ஒரே கருத்துடையவர்களைச் சேர்த்து, எங்கே முரண்படுகிறார்கள் என்று காட்டினால் 25 பக்கத்தில் முடியும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறீர்களா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருளுக்குப் பாமினி வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். எழுத்துரு மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக உருமாறிக் குழம்பும். துணைநூற்பட்டியலில் இது அதிகம் நடக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் வரிவரியாகப் பாருங்கள்.