தோழி விட்டுப்போன வேலை

கேள்வி: எங்கள் சட்டக் கல்லூரித் தோழி, விசாரணைக் கைதிகளுக்கு மனு எழுத உதவி வந்தவர், சென்ற ஆண்டு காலமானார். அவர் நினைவாகச் சிறை நூலகத்துக்கு அலமாரி வாங்கித் தர யோசிக்கிறோம். வேறு ஏதாவது செய்யலாமா?
- இறுதியாண்டு மாணவர்கள், மதுரை

பதில்: அலமாரி கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் பார்த்த வேலைக்குத்தான் ஆள் பஞ்சம். இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேருங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்வரை சட்ட மாணவர்களுக்கு அதில் இடம் உண்டு. அடையாள அட்டை இல்லாமல் போனால் சிறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில், ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்களைத் தேடுங்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் சொன்னபடி, ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் ஒருவர் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் தராவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். பெரும்பாலும் சிக்கல் ஜாமீன்தாரர்தான். பிழைப்புக்கு வந்த வெளியூர்க்காரருக்கு, வீட்டு வரி ரசீதோடு கையெழுத்துப் போட உள்ளூரில் யார் இருக்கிறார்கள்? நிபந்தனையைக் குறைக்கக் கேட்கும் மனுவில் இதைத் தெளிவாக எழுதுங்கள். அதற்குமுன், வேறு வழக்கில் பி.டி. வாரன்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இந்த வழக்கில் ஜாமீன்தாரர் கிடைத்தும் ஆள் வெளியே வர முடியாது.

அடுத்தது, பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்கள் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் விடுதலை கேட்கலாம். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு கண்காணிப்பாளருடையது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கைகொடுக்காது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்குகளுக்கும் செல்லும்.

கணக்கு தப்புவது சட்டப்பிரிவில்தான். சாதாரணத் திருட்டுக்கு உச்சம் 3 ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு 12 மாதம். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு 7 ஆண்டு. அப்போது 28 மாதம். கைதி வாயால் "திருட்டு கேஸ்" என்றுதான் சொல்வார். அதை வைத்துக் கணக்குப் போடாமல் குற்றப்பத்திரிகையில் உள்ள பிரிவைப் பாருங்கள். அவராலேயே வழக்கு இழுபட்ட நாட்களையும் கழிக்க வேண்டும்.

வழக்கறிஞர் இல்லாதவர்களின் குடும்பத்துக்கு 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. யாராவது வருமானச் சான்று கேட்டால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.